ஓ.ஜி. பாண்டிசெல்வி

பாண்டிசெல்வி தன் ஆட்ட வாழ்க்கையில் ஒரே ஒரு கோல்தான் போட்டாள். அதையும் சொந்த வீட்டுக்கே கன்னம் வைத்த கதையாகத் தன் பக்கத்துக் கம்பத்துக்குள்ளேயே போட்டாள். அந்தக் கோல்தான் ஐந்து வருஷம் கழித்து அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. எத்தனையோ பேர் ஒழுங்கான பக்கம் கோல் போட்டுவிட்டு ஜவுளிக்கடையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லாதீர்கள்.

ராஜபாளையத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் மூன்று வருஷம் அவள் நடுக்களத்தில் ஆடினாள். நடுக்களத்தில் ஆடுகிறவள் கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவள் மாதிரி. எல்லாரும் சாப்பிட்டார்களா என்று பார்ப்பாளே தவிர, அவள் சாப்பிட்டாளா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். பின்னாலிருந்து வரும் பந்தை வாங்குவாள், திரும்புவாள், முன்னால் நிற்கிறவளின் காலடியில் கொண்டுபோய் வைப்பாள். முன்னால் நிற்கிறவள் கோல் போடுவாள், அவளைத்தான் நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பாண்டிசெல்வி நின்ற இடத்தில் நின்று காலுறையை இழுத்துவிட்டுக்கொள்வாள்.

அவள் அப்பா ரத்தினத்துக்கு நூற்பு மில்லில் வேலை. ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"எத்தன கோல் போட்ட?"

"நான் போடலப்பா. போடுதவளுக்கு எடுத்துக் குடுத்தேன்."

"அப்ப நீ ஒண்ணரை மணி நேரம் வெயில்ல ஓடுனது எதுக்கு?"

மனிதர் முப்பது வருஷமாக நூல் நூற்கிறார். அந்த நூலில் யார் சட்டை போட்டுக்கொண்டார்கள் என்று ஒருநாளும் விசாரித்ததில்லை. மகள் விஷயத்தில் மட்டும் சட்டை எங்கே என்று கேட்டார்.

மூன்றாம் வருஷம் மாவட்டக் கல்லூரிகள் கோப்பையின் இறுதி ஆட்டம். எதிரே ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரி. இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது, ஆனால் பந்து என்று வந்துவிட்டால் இரண்டும் பங்காளி வீடுகள். எண்பத்தெட்டாவது நிமிஷம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. பந்து பாண்டிசெல்வியின் காலில் இருந்தது, இரண்டு பேர் முன்னால் வந்து மறித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் பந்தைப் பின்னால் கீப்பருக்குத் தட்டினாள். கீப்பர் ஹம்ஸா. மூன்று வருஷமாகப் பாண்டிசெல்வியின் தட்டிலிருந்து பாதிச் சோற்றை எடுத்துச் சாப்பிட்டவள். ஹம்ஸா எந்த நேரத்தில் எங்கே நிற்பாள் என்பது பாண்டிசெல்விக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். பந்து அந்த இடத்துக்குத்தான் போனது, அவசரமே இல்லாமல், சாயங்காலம் தொழுவுக்குத் திரும்பும் மாடு மாதிரி. அங்கே ஹம்ஸா இல்லை. பந்து உள்ளே போய்விட்டது.

பாண்டிசெல்வி திரும்பிப் பார்த்தபோது ஹம்ஸா கம்பத்தின் ஓரத்தில் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் முன் சீட்டில் போய் உட்கார்ந்தவள் ராஜபாளையம் வரும் வரை திரும்பவில்லை. அதற்கப்புறம் பேசவும் இல்லை. பாண்டிசெல்விக்கு அது நியாயமாகவே பட்டது. கண்ணை மூடிக்கொண்டு பந்தைத் தள்ளியது இவள், பந்தைப் பிடிக்காத கீப்பர் என்று பேர் வாங்கியது அவள். அப்புறம் எந்த முகத்தோடு பேசுவாள்?

படிப்பு முடிந்தது. சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனாள். ஆட்டக்காரியாக இருந்தபோது அவள் முழங்காலில் கட்டிய துணியையெல்லாம் இப்போது பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டி அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப்பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பந்து சொல்லிக்கொடுத்தாள். அதில்தான் அவளுக்கு ருசி தட்டியது. லீவு போட்டு மதுரைக்குப் போய் கோச்சுகளுக்கான டி லைசென்ஸும் வாங்கிவந்தாள். பழைய கல்லூரியில் இடம் காலியாகும் என்று காத்திருந்தாள். காலியானது, அந்த இடத்துக்கு ஹம்ஸா வந்துவிட்டாள். மிச்சமிருந்தது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரி ஒன்றுதான்.

வெட்கத்தைப் பார்த்தால் வயிறு நிறையுமா? விண்ணப்பம் போட்டாள்.

கரஸ்பாண்டெண்ட் மதுசூதன் அப்போதுதான் அப்பா காலமாகி, திருப்பூரிலிருந்து வந்து கல்லூரிப் பொறுப்பை ஏற்றிருந்தார். பந்து உருண்டையாக இருக்கும் என்பது வரைக்கும் அவருக்குக் கால்பந்து தெரியும். விண்ணப்பத்தில் பேரைப் பார்த்தவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"பாண்டிசெல்வியா? நம்ம பாண்டிசெல்வியா? வாங்க வாங்க."

வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். அங்கே காலமான பெரியவர் படத்துக்குக் கீழே கல்லூரியின் பெருமைப் பலகை இருந்தது. பச்சைப் பின்னணியில் மஞ்சள் பெயிண்ட். மாவட்டக் கோப்பை என்று ஒரு வருஷம், அதற்கு நேரே எழுதியிருந்தது: 'வெற்றி கோல்: ஓ.ஜி. பாண்டிசெல்வி.'

நடந்தது இதுதான். சேம் சைடு கோல் போட்டால் ரெஃப்ரி தன் தாளில் பேருக்குப் பக்கத்தில் ஓன் கோல் என்பதைச் சுருக்கி ஓ.ஜி. என்று எழுதுவார். பலகை எழுத வந்த மாரீஸ்வரனிடம் யாரோ அந்தத் தாளை அப்படியே கொடுத்துவிட்டார்கள். மாரீஸ்வரன் நல்ல கையெழுத்துக்காரன். கல்யாணப் பேனர் முதல் கருமாதிப் பேனர் வரை இரண்டு ஊருக்கும் அவன்தான். தமிழ்நாட்டில் பேருக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்து கிடந்தால் அது என்ன? இனிஷியல். ஒன்று ஊருக்கு, ஒன்று அப்பாவுக்கு. அவன் அதை எடுத்து முறையாகப் பேருக்கு முன்னால் வைத்துவிட்டான்.

மதுசூதன் விண்ணப்பத்தையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். "இங்க ஓ.ஜி.ன்னு இருக்கு, நீங்க ஆர்.ன்னு போட்டிருக்கீங்களேம்மா?"

பாண்டிசெல்வி உள்ளதைச் சொன்னாள். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். "சார், அது இனிஷியல் இல்ல சார். அது சேம் சைடு."

மதுசூதன் முகம் மலர்ந்துவிட்டது. "பின்ன? நாம எல்லாரும் சேம் சைடுதானம்மா. எங்க போனாலும் நம்ம பிள்ளைக நம்ம பக்கம்தான் வருவாங்கன்னு அப்பா அடிக்கடி சொல்லுவாரு."

இதற்கு மேல் ஒரு மனுஷி எப்படி உண்மையைச் சொல்வது? சொல்லலாம். இன்னொரு தடவை, நிறுத்தி, விளக்கமாகச் சொல்லலாம். பாண்டிசெல்வி வாயைத் திறந்தாள். அதற்குள் அவர், "நாளைக்கே சேந்துருங்க" என்றார். திறந்த வாயை வைத்து, "சரி சார்" என்றாள்.

சான்றிதழைப் பார்ப்பது ஆபீஸ் வேலை என்று கரஸ்பாண்டெண்ட் பார்க்கவில்லை. கரஸ்பாண்டெண்டே பார்த்து எடுத்த ஆள் என்று ஆபீஸ் பார்க்கவில்லை. ஒரு வருஷத் தற்காலிக வேலை, கோப்பை வந்தால் நிரந்தரம் என்று உத்தரவு வந்தது. கூடவே கழுத்தில் மாட்டிக்கொள்ள அடையாள அட்டையும் வந்தது. அதில் பலகையைப் பார்த்து 'ஓ.ஜி. பாண்டிசெல்வி' என்றே அடித்திருந்தார்கள். தான் செய்த தப்பைத் தானே கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, தினமும் காலை ஏழு மணி பஸ்ஸில் ராஜபாளையத்திலிருந்து வந்தாள்.

வேலை என்னவோ அவளுக்குத் தேன் மாதிரி இருந்தது. மடவார் வளாகத்துக் கோயில் பக்கம் கல்லூரி மைதானம், மேற்கே மலை. விசில் ஊதினால் பதினெட்டுப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை காலம் பந்தைத்தான் எடுத்துக் கொடுத்தாள், இப்போது ஆட்டத்தையே எடுத்துக் கொடுத்தாள். இந்த வேலை நிலைக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்டாள். உண்மை வெளியே வரக்கூடாது என்று கேட்க மட்டும் வாய் வரவில்லை. இரண்டும் ஒரே வேண்டுதல்தான் என்று சாமிக்குத் தெரியாதா என்ன.

மற்ற கோச்சுகள் கோல் அடிக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். இவள் பின்னால் பாஸ் கொடுக்கச் சொல்லிக்கொடுத்தாள். "கீப்பருக்குக் குடுக்கும்போது நிமுந்து பாரு. பாத்துட்டுக் குடு. கம்பத்துக்கு நேராக் குடுக்காத, விலக்கிக் குடு." காலையில் பத்துத் தடவை, மாலையில் பத்துத் தடவை. பிள்ளைகள் தூக்கத்தில் உளறும் அளவுக்குச் சொன்னாள்.

நடுக்களத்தில் ஆடியது வைஜயந்தி. வத்திராயிருப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள், பந்தை வாங்கித் திரும்பும்போது அப்படியே பழைய பாண்டிசெல்வி. ஒருநாள் கேட்டாள்.

"மேம், நீங்க அந்த கோல எப்படி அடிச்சீங்க? ரைட் கால்லயா லெஃப்ட்லயா?"

"ரைட்ல."

"கீப்பர் எங்க நின்னா?"

"அவ நிக்க வேண்டிய இடத்துல இல்ல."

"அதக் கவனிச்சு அடிச்சிருக்கீங்க பாருங்க, அதான் மேம் மூளை" என்றாள் வைஜயந்தி.

பிள்ளைகளே ஒரு பழக்கத்தையும் உண்டாக்கிவிட்டார்கள். மேட்சுக்குப் புறப்படும்போது வரிசையாக வராந்தாவுக்குப் போய், பலகையில் ஓ.ஜி. பாண்டிசெல்வி என்று இருக்கும் இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். மஞ்சள் பெயிண்ட் அந்த இடத்தில் மட்டும் மினுமினுத்தது. முதல் தடவை பார்த்தபோது பாண்டிசெல்வி குறுக்கே போய் நின்று, வேண்டாம் என்று தடுத்தாள். "மேமுக்குத் தன்னடக்கம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு இரண்டு கையாலும் தொட ஆரம்பித்தார்கள்.

தொட்ட ராசியோ, சொல்லிக்கொடுத்த பாஸோ, டீம் வரிசையாக ஜெயித்து இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. எதிரே யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று காலையில் மழை தூறி, மைதானம் ஈரமாக இருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ராஜபாளையத்துப் பிள்ளைகளோடு ஹம்ஸா நின்றாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். ஒரு தடவை இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன. ஹம்ஸாதான் முதலில் தலை குனிந்து ஷூ கயிற்றைப் பார்த்தாள். இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது என்று பாண்டிசெல்வி நினைத்துக்கொண்டாள்.

ஆட்டம் பழைய ஆட்டம் மாதிரியே இழுத்துக்கொண்டு போனது. கோல் இல்லை. மதுசூதன் முன் வரிசையில் பட்டுச் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது கோச்சுக்குப் போர்த்துவதற்கு. எண்பத்தாறாவது நிமிஷம், பந்து வைஜயந்தியின் காலில். இரண்டு பேர் மறித்தார்கள். பாண்டிசெல்வி கோட்டின் ஓரத்துக்கே வந்துவிட்டாள். வைஜயந்தி நல்ல பிள்ளை, சொன்ன பேச்சைக் கேட்கிறவள். நிமிர்ந்து பார்த்தாள். கீப்பர் நிற்கும் இடத்தை நன்றாகப் பார்த்தாள். பார்த்த அந்த நொடியில் ஈரத்தில் ஊன்றிய கால் வழுக்கியது. விலக்கிக் கொடுக்க நினைத்த பந்து கோணலாகப் புரண்டு, கீப்பர் இந்தப் பக்கம் பாய, அந்தப் பக்கமாக உள்ளே போனது.

ஆறு வருஷமாகப் பார்க்காமல் கொடுத்ததுதான் தப்பு என்று நினைத்திருந்தாள். இன்று பார்த்துக் கொடுத்தும் அதே கோல். விதி ஒரே பாடத்தை இரண்டு விதமாக நடத்தும்போது கோச் என்ன செய்ய முடியும்?

விசில் அடித்தது. ராஜபாளையத்துப் பிள்ளைகள் குதித்தார்கள். வைஜயந்தி நடு வட்டத்தில் உட்கார்ந்துவிட்டாள். யார் கூப்பிட்டும் எழவில்லை. பாண்டிசெல்வி போய் ஈரத்திலேயே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் இனிமே ஆடமாட்டேன் மேம். ஒங்க பேரத் தொட்டுட்டு வந்து ஒங்களுக்கே இப்படிப் பண்ணிட்டேன். நீங்க அம்புட்டு பெரிய கோல் போட்ட டீமுக்கு நான் இதப் போட்டுட்டேன்."

பாண்டிசெல்வி அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் தானும் இதே மாதிரி உட்கார்ந்திருந்தோம், ஒரு ஆளும் பக்கத்தில் வரவில்லை என்பது ஞாபகம் வந்தது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மதுசூதன் சால்வையோடு வந்துகொண்டிருந்தார். தோற்றாலும் போர்த்திவிடலாம் என்று நினைத்தாரோ, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் எடுத்துவந்தாரோ. இப்போது சொன்னால் அவர் காதில் விழும். வேலை போகும். நாளைக்குச் சத்திரப்பட்டி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளை இனிமேல் பந்தைத் தொடாது. பாண்டிசெல்விக்கு அழுகை வந்தது. வேலைக்காக ஒரு பங்கு, பிள்ளைக்காக ஒரு பங்கு. ஆனாலும் குரலை இறக்காமல் சொன்னாள்.

"ஏட்டி, நிமுந்து என்னப் பாரு. போர்டுல இருக்கே, அந்த கோல் நான் ஒங்க காலேஜுக்காகப் போட்டது இல்ல. நான் ராஜபாளையம் டீம்ல ஆடுனேன். எங்க கீப்பருக்குக் குடுத்த பந்து உள்ள போயிருச்சு. ஓ.ஜி.ன்னா சேம் சைடு கோல். எங்க அப்பா பேரு ரத்தினம்."

வைஜயந்தி மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினாள். "அப்ப நாங்க இத்தன நாள் தொட்டுக் கும்பிட்டது?"

"சேம் சைடு கோலத்தான்."

வைஜயந்தி முகத்தைத் துடைத்தாள். "அதான் மேம், இன்னைக்குப் பலிச்சிருச்சு" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் மூக்குச்சளியுமாகப் பாண்டிசெல்வியின் தோளில் சாய்ந்துகொண்டாள். மதுசூதன் சால்வையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

மறுநாள் அழைப்பு வந்தது. பாண்டிசெல்வி அடையாள அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே போனாள். வராந்தாவில் பலகைக்கு முன்னால் மதுசூதன் நின்றிருந்தார்.

"அன்னைக்கு சேம் சைடுன்னு சொன்னது இதத்தானா?"

"ஆமா சார்."

"தெளிவாச் சொல்ல வேண்டாமாம்மா? சேம் சைடுன்னா என்ன, நல்ல வார்த்தையாத்தான இருக்கு." பெரியவர் படத்தை ஒரு பார்வை பார்த்தார். "இது எங்க காலேஜுக்கு வந்த ஒரே கப்பு. அப்பா சாகுற வரைக்கும் இதத்தான் சொல்லிட்டிருந்தாரு. இத அழிச்சா ஏன்னு கேப்பாங்க. நாம ஜெயிக்கல, அவங்களாத் தோத்தாங்கன்னு ஆயிரும். ஒங்கள அனுப்பிச்சாலும் ஏன்னு கேப்பாங்க. போர்டு இருக்கணும்னா நீங்களும் இருக்கணும்."

அன்று மாலையே நிரந்தர உத்தரவு வந்தது. ஒரு வருஷம் உண்மையை மறைத்து, கோப்பைக்காக உயிரை விட்டு உழைத்தபோது கிடைக்காத வேலை, கோப்பையைத் தோற்று உண்மையைச் சொன்ன மறுநாள் கிடைத்தது. உண்மை ஜெயிக்கும் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது. உத்தரவிலும் ஓ.ஜி. பாண்டிசெல்விதான். திருத்தச் சொன்னாள். "பொறவு பாப்போம்" என்றார்கள். சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியாமல் பஸ்ஸுக்கு நின்றபோது போன் அடித்தது. புது நம்பர்.

"ஏட்டி, நான் ஹம்ஸா."

பாண்டிசெல்வி போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"மாரீஸ்வரன் எங்க காலேஜுக்குப் போர்டு எழுத வந்திருக்கான். தாள்ல ஓ.ஜி. வைஜயந்தின்னு இருக்காம். அது இனிஷியல் இல்லன்னு நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கான். 'ஏற்கெனவே ஒரு ஓ.ஜி. எழுதிருக்கேன் மேடம், அந்தக் குடும்பமே பந்து விளையாடுத குடும்பம் போல'ங்கான்."

பாண்டிசெல்வி சிரித்தாள். அந்தப் பக்கம் ஹம்ஸா சிரிக்கவில்லை.

"நேத்து நீ அந்தப் பிள்ளைகிட்டப் போயி உக்காந்ததப் பாத்தேன். அன்னைக்கு நான் அப்படி வந்து உக்காந்திருக்கணும்." ஹம்ஸா குரலை இறக்கினாள். "நீ சரியாத்தாண்ட்டி குடுத்த. நான்தான் எடத்துல இல்ல. தாகமா இருந்துச்சு, ரெண்டு நிமிஷம்தான இருக்குன்னு கம்பத்துப் பக்கம் தண்ணி பாட்டில எடுக்கப் போயிட்டேன். யாரும் கவனிக்கல. எல்லாரும் ஒன்னத்தான் பாத்தாங்க. நானும் சொல்லல. சொல்லாம ஒம் மூஞ்சில முழிக்க முடியல."

ராஜபாளையம் பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பாண்டிசெல்வி ஏறவில்லை. மூன்று வருஷம் அவள் எடுத்துக் கொடுத்த பந்துகளை எந்தப் பலகையிலும் யாரும் எழுதவில்லை. எழுதிய ஒரே ஒரு பந்தும் நல்ல பாஸ்தான் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அதைச் சொல்ல வேண்டிய ஒரே ஆள் சொல்லிவிட்டாள். ஹம்ஸா மேல் கோபம் வரும் என்று காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. தண்ணி தவித்தால் யார்தான் என்ன செய்வார்கள்.

"ஏட்டி, இருக்கியா? மாரீஸ்வரன் பிரஷ்ஷ வச்சுக்கிட்டு நிக்கான். அந்தப் பிள்ளை இனிஷியல் என்ன?"

பாண்டிசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மா. வைஜயந்தி. அவ அப்பா பேரு மாதவன். ஓ.ஜி.யும் எழுதச் சொல்லு, ஆனா பேருக்குப் பின்னால. நாளைக்கு அவன் இங்க வரும்போது எம் பேரையும் அதே மாதிரி மாத்தச் சொல்லுதேன்."

"சரி."

"மாவுக்குக் கால் போட மறந்திரப் போறான்" என்றாள் பாண்டிசெல்வி.